நாக்குப்பாறையின் உயரம்

செவ்வாய்க்கிழமை, காலை 10.20 மணி. பதினோரு வீடுகள் தண்ணீருக்குள் இருந்தன. மூழ்கடித்தவர் பெயர் வையாபுரி.

தண்ணீர் உண்மையில் இல்லை. அணையும் இன்னும் கட்டப்படவில்லை. இரண்டும் தருமபுரியில், ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த வடிவமைப்பு அலுவலகத்தில், ஒரு கணினித் திரைக்குள் இருந்தன. தேதி 2017 ஜூன் 13.

செங்கானோடையின் குறுக்கே சின்ன அணை ஒன்று வரப்போகிறது. பெரு வெள்ளம் வந்தால் தண்ணீர் 452.60 மீட்டர் வரை ஏறும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் அரை மீட்டர் பாதுகாப்பு. ஆக 453.10. வாசல் அந்த உயரத்துக்குக் கீழே இருந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்ய வேண்டிய வீடுகளின் பட்டியல் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும்.

பட்டியலுக்கு ஆதாரம் ஒரே ஒரு தாள். 1991-இல் அந்தப் பள்ளத்தாக்கை அளந்து வரைந்த கான்டூர் வரைபடம். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை எல்லாம் சேர்த்து ஒரு கோடு. இரண்டு மீட்டர் ஏறியதும் அடுத்த கோடு. அந்தத் தாளை வரைந்தவரும் வையாபுரிதான். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

இப்போது ஐம்பத்து மூன்று. அந்தத் தாளைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு கோட்டின் மீதும் சுட்டியை நகர்த்தி, ஒவ்வொன்றுக்கும் உயரம் கொடுத்து, ஒன்பது நாளில் 214 கோடுகளை முடித்திருந்தார். ஒரு கோடும் இன்னொரு கோட்டை வெட்டவில்லை. கோடுகளின் மேலுள்ள புள்ளிகளை மூன்று மூன்றாக இணைத்து, மென்பொருள் ஆயிரக்கணக்கான முக்கோணங்களைப் பின்னியது. முக்கோணங்கள் சேர்ந்து மலையாகவும் பள்ளமாகவும் எழுந்தன. அதற்கு நில மாதிரி என்று பெயர்.

"மேடம், முடிஞ்சுது" என்றார் வையாபுரி.

தமயந்தி எழுந்து வந்தார். அவருக்கு வயது முப்பத்தொன்று. அந்த அலுவலகத்தில் ஏழு பேருக்கு மென்பொருள் கற்றுக்கொடுத்தார். ஏழு பேரில் மூத்தவர் வையாபுரி. மற்ற ஆறு பேர் தமயந்தியை அக்கா என்றார்கள். வையாபுரி மட்டும் மேடம் என்றார். முதல் வாரத்தில் அந்தச் சொல்லில் கொஞ்சம் கிண்டல் இருந்தது. மூன்றாவது மாதத்தில் இல்லை.

தமயந்திக்கு ஒரு வழக்கம் உண்டு. மாணவரின் சுட்டியை அவர் தொடமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

"214 கோடு மேடம். இதுல ஒரு கோடு தப்புன்னு யாராவது காட்டட்டும். மீசையை எடுத்துடறேன்."

"மீசை இருக்கட்டும் சார். மாதிரியைத் திருப்புங்க. பக்கவாட்டுல."

திருப்பினார். மலைகள் உருண்டு இறங்கின. ஓடை வளைந்து போனது. ஓடையின் வளைவுக்குள் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஒரு மேடு மட்டும் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தது. அதன் மேல் பதினோரு சதுரங்கள். நீல நிறம் அந்தச் சதுரங்களை மூடியிருந்தது.

"இது என்ன இடம்?"

"நாக்குப்பாறை. காலனி."

"தோசைக்கல் மாதிரி இருக்கு."

"பாறைதானே மேடம். தட்டையாத்தான் இருக்கும்."

"மேல ஏறிப் பார்த்திருக்கீங்களா?"

"நான் அளந்த இடம் அது."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. தமயந்தி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அந்தத் தட்டையில ஒரு முக்கோணத்தைத் தொடுங்க. மூணு முனைக்கும் உயரம் என்ன?"

"452. 452. 452."

"பக்கத்து முக்கோணம்?"

"அதுவும் 452தான்."

வையாபுரி நாற்காலியை முன்னால் இழுத்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. 452 மீட்டர் கோடு பாறையின் ஒரு பக்கமாகப் போய், நுனியைச் சுற்றி, மறுபக்கமாகத் திரும்பி வருகிறது. நடுவில் வேறு கோடு இல்லை. அடுத்த கோடான 454, வீடுகளுக்குப் பின்னால் வெகு தூரத்தில் மலையோடு போய்விடுகிறது. இந்தக் கரையில் ஒரு புள்ளி, அந்தக் கரையில் இரண்டு புள்ளி என்று எடுத்து, மென்பொருள் நடுவில் பாய் விரித்துவிட்டது.

"நிஜத்துல முதுகு மாதிரி தூக்கிட்டு இருக்கும்" என்றார் வையாபுரி. "452-க்கு மேல, 454-க்குக் கீழ."

"எவ்வளவு மேல?"

அவர் திரும்ப ஒரு கேள்வி கேட்டார்.

"கோடெல்லாம் சரியா இருக்கு மேடம். அப்புறம் நிலம் ஏன் தப்பா வருது?"

தமயந்தி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். "சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

மூன்று மணிக்கு வையாபுரி கூப்பிட்டார். குரலில் தெம்பு இருந்தது. மென்பொருளில் தட்டையான இடங்களைத் தானாகவே நிமிர்த்தும் ஒரு வசதியைக் கண்டுபிடித்திருந்தார். பட்டனை அழுத்தியதும் நாக்குப்பாறைக்கு லேசாக முதுகு வந்திருந்தது.

"நாலு வீடு வெளியே வந்துடுச்சு மேடம். ஏழுதான் பாக்கி."

"நாலு வீட்டையும் யாரு காப்பாத்துனது?"

"மென்பொருள்தான்."

"அது அங்கே போய்ப் பார்த்துச்சா?"

"போகலை. சுத்தி இருக்கிற சரிவை வெச்சு ஊகம் பண்ணுது."

"அப்போ மீதி ஏழு வீட்டையும் ஊகத்துலதான் முழுக வெச்சிருக்கோம்."

வையாபுரி மீசையைத் தடவினார். பக்கத்து மேசையில் சிரிப்பு ஒன்று வந்து, உடனே இருமலாக மாறியது.

"பழைய தாளை விரிங்க சார்."

மேசையின் மேல் தாள் விரிந்தது. இருபத்தாறு வருடத்தில் ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. மையின் கருமை போகவில்லை. கோடுகள் முடி போல மெல்லிசாக, ஒரே தடிமனில், கை நடுங்காமல் ஓடியிருந்தன. எண்கள் அச்சில் கோத்தது போல நின்றன. தமயந்தி குனிந்து பார்த்தார். கணினியில் இப்படி ஒரு தாள் வருவதில்லை.

"கையால போட்டதா?"

"கையாலதான். ரெண்டு மாசம்."

"அழகா இருக்கு."

வையாபுரியின் தோள் அரை அங்குலம் உயர்ந்தது.

"இதுல ஸ்பாட் லெவல் எத்தனை இருக்கு?"

கோடுகளுக்கு நடுவே, மேட்டின் உச்சியிலோ பள்ளத்தின் அடியிலோ ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்தின் உயரத்தைத் தனியாக எழுதுவதுதான் ஸ்பாட் லெவல். அளப்பவர் அங்கே நேரில் ஆளை நிறுத்தி எடுத்த உயரம் என்று அதற்குப் பொருள். வையாபுரி பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"அறுபத்து மூணு."

"ஒவ்வொரு மேட்டு முதுகுலயும் மூணு நாலு இருக்கு. கோயில் பின்னாடி இருக்கிற கல்லுக்குக்கூடப் போட்டிருக்கீங்க."

"அது பெரிய கல்லு மேடம். விடக் கூடாது."

"நாக்குப்பாறையில?"

பென்சில் நின்றது. அங்கே எண்ண ஒன்றும் இல்லை. பதினோரு சின்னச் சதுரங்கள், பக்கத்தில் 'காலனி' என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் குறைந்தது.

"ஸ்டாஃப் பிடிச்சவங்க ரெண்டு பேரும் ஊர்க்காரங்க" என்றார் வையாபுரி. ஸ்டாஃப் என்பது மீட்டர் குறித்த நீளக் கம்பு. ஒருவர் அதை அளக்க வேண்டிய இடத்தில் நிறுத்திப் பிடிப்பார். இன்னொருவர் தூரத்திலிருந்து கருவி வழியே அதில் உள்ள எண்ணைப் படிப்பார். "கருவியை எதிர்க்கரையில வெச்சிருந்தேன். அவங்க பாறையோட அடிவாரத்துலயே சுத்திக் கம்பை வெச்சுட்டு வந்தாங்க. மேல ஏறலை. ஏறமாட்டோம்னுட்டாங்க."

"நீங்க?"

"நான் கருவிக்காரன் மேடம். கருவியை விட்டு நகரக் கூடாது."

"சரி. கருவியை மடக்குன பிறகு?"

வையாபுரி தாளைப் பார்த்தபடி இருந்தார்.

"நானும் ஏறலை" என்றார்.

தமயந்தி தாளின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகச் சுருட்டத் தொடங்கினார்.

"நாளைக்குக் காலையில ஆறு மணி பஸ்ஸுக்குப் போறோம். லெவல் கருவி, ஸ்டாஃப் ரெண்டையும் எடுத்து வெச்சுடுங்க."

"ஸ்டாஃப் பிடிக்க ஆளு?"

"நான் கருவி படிக்கிறேன். நீங்க பிடிங்க."

வையாபுரி நிமிர்ந்தார். முப்பது வருடம் கருவிக்குப் பின்னால் நின்றவர். அவர் கை அசைந்தால் கம்புக்காரன் இடது பக்கம் போவான். இன்னொரு முறை அசைந்தால் உட்காருவான். கம்பு பிடித்தவரின் பெயரை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதியதில்லை.

"மேடம், எனக்கு முட்டி வலி இருக்கு."

"மெதுவாவே ஏறுங்க சார். பாறை எங்கேயும் போகாது."

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு வேலை தொடங்கியது. ஊருக்கு வெளியே தார் ரோட்டுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உயரம் பொறித்த கல் இருந்தது. அங்கிருந்து தொடங்கி, கருவியை ஒன்பது இடங்களில் மாற்றி மாற்றி வைத்து, 1.2 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த உயரத்தைக் கடத்திக்கொண்டு வர வேண்டும். தமயந்தி படித்தார், எழுதினார், நகர்ந்தார். வையாபுரி கம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஊர் அணை வரப்போகும் இடத்துக்குக் கீழ்ப்புறம் இருந்தது. அங்கே டீக்கடையில் இருந்த ஒருவர் கேட்டார். "என்னங்க சார், அம்மா கருவி பார்க்குது, நீங்க கம்பு தூக்குறீங்க?"

"பதவி உயர்வு" என்றார் வையாபுரி.

பாறையின் அடிவாரத்துக்கு வந்ததும் தமயந்தி கருவியை நிறுத்தினார். "முதல்ல உங்க பழைய கோட்டைப் பார்த்துடலாம். 452 எங்கே போகுதுன்னு தாள்ல இருக்கோ அங்கே மூணு இடத்துல நில்லுங்க."

நின்றார். கம்பின் எண்கள் கருவியைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பிடித்திருப்பவருக்குப் பின்பக்கம்தான் தெரியும். வாழ்க்கையில் முதன்முறையாக, தான் நிற்கும் இடத்தின் உயரம் தெரியாமல் அவர் நின்றார். படித்தவர் சொன்னால்தான் உண்டு.

தமயந்தி சொன்னார். "நாலு சென்டிமீட்டர் வித்தியாசம். அடுத்தது ஏழு. அடுத்தது ரெண்டு. கோடு சரிதான் சார்."

"இருபத்தாறு வருஷம்" என்றார் வையாபுரி. தமயந்தியையும் அடிவாரத்தில் இருந்த ஆடுகளையும் தவிர அதைக் கேட்க யாரும் இல்லை. இருந்தாலும் சத்தமாகவே சொன்னார்.

"இப்ப மேல ஏறுங்க."

ஏறினார். பாறையில் வெட்டிய படிகள் ஏழு. மேலே பதினோரு வீடுகள் இரண்டு வரிசையாக இருந்தன. நுனியில் இருந்த முதல் வீட்டு வாசலில், சுமார் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். பெயர் மாதம்மாள்.

"யாருங்க? எலெக்‌ஷனா?"

"இல்லீங்கம்மா. உயரம் பார்க்க வந்திருக்கோம். அணைக்கு."

கொட்டை நீக்கிய கை நின்றது. "தண்ணி இங்க வரைக்கும் வருமா?"

"அதைப் பார்க்கத்தான் வந்தோம்."

"வராது. எங்க மாமனார் காலத்துல ஓடை கரை புரண்டு வந்தப்ப ஊர்ல பாதிப் பேரு இந்தப் பாறை மேலதான் ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தாங்க. விடிஞ்சதும் இறங்கிப் போனாங்க. அப்புறம் யாரும் ஏறலை." அவர் கையை நீட்டிக் காட்டினார். "இங்கே நின்னு பாருங்க. ஊர்க் கோயில் கோபுரமே நம்ம காலுக்குக் கீழதான். விளையாத பாறைன்னு எங்களுக்குக் கொடுத்தாங்க. உசரமான பாறைன்னு அவங்களுக்குத் தெரியலை."

வையாபுரி பார்த்தார். ஓடை முழுவதும் தெரிந்தது. எதிர்க்கரையில் தான் 1991-இல் கருவி வைத்த இடமும் தெரிந்தது.

"முன்னாடியும் ஒருத்தரு வந்தாரு" என்றார் மாதம்மாள். "நான் அப்ப சின்னப் பொண்ணு மாதிரிதான், மூணாவது புள்ளை வயித்துல. எங்க வீட்டுக்காரரு கூப்பிட்டாரு. சார், மேல வாங்க, மேல நின்னா ஓடை திரும்புற இடம் வரைக்கும் தெரியும்னாரு. அந்த ஆளு காது கேக்காத மாதிரி கருவியை மடக்கிட்டுப் போயிட்டாரு."

கம்பின் நுனி லேசாக ஆடியது. கீழே இருந்து தமயந்தி கையை அசைத்தார். நேராகப் பிடிக்கச் சொல்லும் சைகை.

"அது நான்தாங்கம்மா" என்றார் வையாபுரி.

மாதம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப ஒல்லியா இருந்தீங்க."

வையாபுரி கம்பை நிமிர்த்தினார். "ஆமாங்க" என்றார்.

"காது இப்ப நல்லா கேக்குதா?"

"கேக்குதுங்க."

"அப்ப சரி. வேலையைப் பாருங்க."

வாசற்படியின் மேல் கம்பை வைத்தார். பக்கத்தில் ஒரு அம்மிக்கல் கிடந்தது. மாதம்மாள் அதைக் காலால் நகர்த்திக்கொண்டு வந்தார்.

"இது மேல வெச்சுக்குங்க. அரையடி கூடும்."

"கல்லு மேல வெச்சா வீடு காகிதத்துலதாங்கம்மா உயரும். தண்ணிக்குக் காகிதம் தெரியாது."

"அப்படியா சொல்றீங்க" என்று மாதம்மாள் கல்லைத் திரும்பவும் நகர்த்தினார். முகத்தில் வருத்தம் இல்லை. ஆளைச் சோதித்துப் பார்த்த திருப்தி இருந்தது.

தமயந்தி கருவியில் கண் வைத்துப் படித்தார், எழுதினார், கழித்துப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"முதல் வாசல் 453.14" என்று கீழே இருந்து சத்தமாகச் சொன்னார்.

வேண்டியது 453.10. நான்கு சென்டிமீட்டர் கூடுதல்.

மாதம்மாள் வையாபுரியைப் பார்த்தார். "வீடு போயிடுமா, நிக்குமா?"

"இன்னும் சொல்ல முடியாதுங்க."

ஒவ்வொரு வாசலாக அவர் போய் நின்றார். பாறை பின்னால் போகப் போக உயர்ந்துகொண்டே போனது. 453.22. 453.31. 453.47. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாராவது வெளியே வந்து, கம்பைப் பார்த்து, கீழே இருக்கும் கருவியைப் பார்த்து, எண் வரும்வரை நின்றார்கள். எண் வந்ததும் பக்கத்து வீட்டு எண்ணைக் கேட்டுக்கொண்டார்கள். கடைசி வீடு 453.85. அந்த வீட்டுக்காரர் மாதேசன் மீசையை முறுக்கிக்கொண்டு, "எல்லாருக்கும் நாங்கதான் உசரம்" என்று தெருவுக்கே அறிவித்தார். ஒரே சிரிப்பு.

மாதம்மாளின் மாட்டுக் கொட்டகை மட்டும் பாறையின் இறக்கத்தில் இருந்தது. அதன் தரை 452.98.

"இது தேறாதுங்கம்மா" என்றார் வையாபுரி.

"மாட்டை இந்தப் பக்கம் கட்டிக்கிறேன். வீட்டைச் சொல்லுங்க."

அப்போது மணி பன்னிரண்டரை. பாறை சுட்டது. தமயந்தி கருவியின் திருகைத் தளர்த்தாமல் நின்றுகொண்டிருந்தார். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் இப்போதே மடக்க வேண்டும்.

"நாலு சென்டிமீட்டர் மேடம்" என்றார் வையாபுரி, கீழே இறங்கி வந்து.

"ஆமா."

"பாலத்துல இருந்து ஒன்பது தடவை கருவியை மாத்தியிருக்கோம். ஒவ்வொரு தடவையும் அரை சென்டிமீட்டர் பிசகியிருந்தாக்கூட இந்த நாலு காணாமப் போயிடும்."

"ஆமா."

"திரும்பவும் பாலம் வரைக்கும் அளந்துட்டுப் போவோம். ஆரம்பிச்ச கல்லுலயே போய் முடிக்கணும். வித்தியாசம் எவ்வளவுன்னு தெரியாம இந்த அம்மாகிட்ட நிக்கும்னு சொல்லக் கூடாது."

"முட்டி?"

"இருக்கட்டும்."

திரும்பி நடந்தார்கள். இந்த முறை கம்பை எங்கே வைப்பது என்று வையாபுரி யாருடைய சைகைக்கும் காத்திருக்கவில்லை. கெட்டியான பாறையாகத் தேடி வைத்தார். கம்பு சாயாமல் இருக்க மூச்சை அடக்கிப் பிடித்தார். முள்ளுக்காட்டில் சட்டை கிழிந்தது. இரண்டு மணி பஸ் அவர்கள் கண்ணெதிரே புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

மூன்றே கால் மணிக்குப் பாலத்துக் கல்லின் மேல் கம்பு நின்றது. தமயந்தி படித்தார். கூட்டினார். கழித்தார். புத்தகத்தை அவரிடம் நீட்டினார்.

வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்.

வையாபுரி அந்த எண்ணை நெடுநேரம் பார்த்தார். முப்பது வருடத்தில் அவர் பல நூறு கிலோமீட்டர் அளந்திருக்கிறார். 1.2 கிலோமீட்டர் போய்த் திரும்பி மூன்று மில்லிமீட்டரில் முடித்தது இல்லை.

"கருவி படிச்சவங்க நல்லாப் படிச்சிருக்கீங்க மேடம்."

"கம்பு ஆடலை சார். அதான்."

பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. வையாபுரி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். பாறையை நோக்கி மறுபடியும் நடக்கத் தொடங்கினார்.

"எங்கே சார்?"

"அந்த அம்மா கேட்டாங்களே. பதில் சொல்லிட்டு வந்துடறேன்."

ஏழு படியையும் இரண்டாவது முறை ஏறினார். பின்னாலேயே வந்து அடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்ற தமயந்திக்குப் பேச்சு கேட்கவில்லை. பதினோரு வாசலிலும் ஆட்கள் நின்றது மட்டும் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை வையாபுரி எல்லாருக்கும் முன்னால் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். பதினோரு வாசல்களையும் புள்ளிகளாக ஏற்றினார். பாறையின் முதுகு வழியே, நுனியிலிருந்து மலை வரை, உயரங்களை இணைத்து ஒரு முகட்டுக் கோடு போட்டார். முந்தா நாள் அழுத்திய ஊகப் பட்டனை ரத்து செய்தார். பிறகு மாதிரியைப் புதிதாகக் கட்டச் சொன்னார்.

முக்கோணங்கள் கலைந்து மறுபடியும் கோத்துக்கொண்டன. எதுவும் அந்த முகட்டைத் தாண்டிப் பாய் விரிக்கவில்லை. நாக்குப்பாறை நிமிர்ந்து எழுந்தது. வெள்ள மட்டத்தை ஏற்றிப் பார்த்தார். நீலம் அடிவாரத்தைச் சுற்றி வந்து, பாறையின் இடுப்போடு நின்றது. பதினோரு சதுரங்களும் வெளியே இருந்தன. கொட்டகை மட்டும் பட்டியலில் ஏறியது.

மற்ற ஆறு பேரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருத்தி, "சார், இதைத் திருப்பிக் காட்டுங்க" என்றாள். திருப்பினார். இன்னொரு முறை என்றார்கள். இன்னொரு முறையும் திருப்பினார். திரையில் அந்தப் பாறையைத் தன் கையால் தூக்கி வைத்தவர் போல இருந்தார்.

தமயந்தி கடைசியாக வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"முக்கோணத்தைத் தொடுங்க."

"452. 453.14. 453.22."

"சரி. வரைபடத்தை முடிச்சுடுங்க."

தாளின் மூலையில் ஒரு கட்டம் உண்டு. யார் வரைந்தது, யார் அளந்தது, யார் சரிபார்த்தது என்று மூன்று வரிகள். வரைந்தவர் என்ற வரியில் வையாபுரி தன் பெயரை எழுதினார். அளந்தவர் என்ற வரியில் தமயந்தியின் பெயரை எழுதினார். சரிபார்ப்பது தலைமைப் பொறியாளர். விசைப்பலகையின் மேல் கை அப்படியே இருந்தது.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"வரைஞ்சவன்னு என் பேரு எல்லாத் தாள்லயும் வந்திருக்கு. அது பத்தி ஒண்ணும் இல்லை. கம்பு பிடிச்சவனுக்கு இதுல இடம் இல்லையே. அந்தப் பேரை எங்கே போடறது?"

தமயந்தி திரையில் அந்தப் பதினோரு புள்ளிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் இருந்தது, உயரம் இருந்தது. குறிப்பு எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"நீங்க நின்ன இடத்துல போடுங்க" என்றார்.

வையாபுரி முதல் வாசலின் குறிப்பில் 'கம்பு: வையாபுரி' என்று தட்டினார்.

2021 நவம்பர் 19, காலை ஆறு மணி. செங்கானோடை அணையின் நீர்மட்டம் 452.57 மீட்டர் என்று பதிவானது. நாக்குப்பாறையிலிருந்து யாரும் இறங்கவில்லை.